தூங்கட்டும் விடு: எம்.ஐ.டி. 1997, ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா மகன் இந்த வருடம் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறான். இளநிலைப் படிப்பு, வயது 18. விசா, தடுப்பூசி, விடுதிக் கட்டணம் என்று வரிசையாக வந்த மின்னஞ்சல்களுக்கு நடுவே, மதுபானம் பற்றிய ஆன்லைன் பாடத்தை முடிக்காவிட்டால் வகுப்புப் பதிவு நிறுத்திவைக்கப்படும் என்று ஒன்று வந்திருந்தது. அக்கா ஆடிப்போய்விட்டாள். "படிக்க அனுப்புறோமா, குடிக்க அனுப்புறோமா?" என்று என்னிடம் கேட்டாள். பையன் அலட்டிக்கொள்ளவில்லை. வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நடுவில் வருகிற கேள்விகளுக்கு மட்டும் நிறுத்தி, ஒரே சாயங்காலத்தில் முடித்துச் சான்றிதழையும் இறக்கிக்கொண்டான். தொண்ணூறுக்கு மேல் மார்க்.

சரி என்று நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உன் ரூம்மேட் பார்ட்டிக்குப் போய்விட்டு வந்து மட்டையாகிக் கிடக்கிறான். கூப்பிட்டால் முழிக்கவில்லை. என்ன செய்வாய்?"

"தூங்கட்டும்னு விட்டுடுவேன் மாமா. காலையில எழுந்தா சரியாயிடும்."

இந்தக் கேள்வி பாடத்திலேயே வந்திருக்கும், அவனும் சரியான விடையைத்தான் அழுத்தியிருப்பான். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது இதுதான், ஏனென்றால் இது அவன் பாடத்தில் படித்தது இல்லை, கல்யாண வீட்டு மொட்டைமாடியிலும் காலேஜ் டூரிலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தது. அவனுக்கு நான் ஒரு கதை சொன்னேன். அந்தக் கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். புதிதாகக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளுக்குக் குடி பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது, யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தச் சம்பவம்தான்.

முதலில் ஒரு விளக்கம்: இது குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சார்லஸ் ஆற்றங்கரையில், கேம்பிரிட்ஜ் நகரத்தில் இருக்கிற எம்.ஐ.டி. ஆற்றைத் தாண்டினால் பாஸ்டன். அங்கே படிக்கிற பையன்கள் நிறையப் பேர் பாஸ்டன் பக்கத்து ஃப்ரேட்டர்னிட்டி வீடுகளில் தங்குவார்கள். ஃப்ரேட்டர்னிட்டி என்றால் நம்ம ஊர் ஆளுக்குச் சட்டென்று விளங்காது. விடுதி, ரசிகர் மன்றம், பழைய மாணவர் சங்கம் மூன்றையும் ஒரே வீட்டுக்குள் போட்டுக் கலக்கினால் வருவது என்று வைத்துக்கொள்ளலாம். கிரேக்க எழுத்துகளில் ஒரு பெயர், சொந்தமாகப் பெரிய வீடு, நூறு வருட வரலாறு, உள்ளே நுழைய ஒரு தகுதிகாண் காலம். அந்தக் காலத்தில் இருக்கிற புதுப்பையனை 'பிளெட்ஜ்' என்பார்கள். தேறிவிட்டால் 'சகோதரன்'.

அன்றைய எம்.ஐ.டி.யில் இதற்கு இன்னொரு பரிமாணமும் இருந்தது. புது மாணவர்கள் எல்லாரையும் தங்கவைக்க வளாகத்துக்குள் போதுமான படுக்கைகள் கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் வந்து இறங்குவார்கள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே, அந்த ஒரு வாரத்துக்குள், எங்கே தங்கப்போகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். ஃப்ரேட்டர்னிட்டிக்காரர்கள் அந்த வாரம் முழுக்க விருந்து வைத்து ஆள் பிடிப்பார்கள். முதலாண்டு மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வளாகத்துக்கு வெளியே போய்ச் சேர்ந்தது. நிர்வாகத்துக்கும் இது வசதி, புதிதாக விடுதி கட்டவேண்டாமே. இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

1997 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்திலிருந்து ஒரு 18 வயதுப் பையன் வந்து சேர்ந்தான். ஃபை காமா டெல்டா என்ற ஃப்ரேட்டர்னிட்டியில் பிளெட்ஜ் ஆனான். செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு, புதியவர்களுக்கு அந்த வீட்டில் 'அண்ணன்மார்' அறிவிக்கப்படும் நிகழ்ச்சி. ஒவ்வொரு புதுப்பையனுக்கும் ஒரு மூத்தவர் அண்ணன். முதலில் பீர், அப்புறம் ரம். கல்லூரிக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

ஒரு கட்டத்தில் பையனுக்குக் குமட்டல். சோபாவில் சாய்ந்தான். நினைவு தப்ப ஆரம்பித்ததும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் அவன் அறையில் குப்புறப் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டியும் வைத்துவிட்டு வந்தார்கள். பத்து நிமிடம் கழித்து ஒருவர் எட்டிப்பார்த்தபோது வாந்தி எடுத்திருந்தான், அசைவில்லை. வளாகக் காவல்துறைக்கு போன் போட்டார்கள், அவர்கள் வழியாக ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் கோமா. செப்டம்பர் 29, திங்கட்கிழமை இறந்துபோனான்.

ரத்தத்தில் இருந்த ஆல்கஹாலின் அளவு 0.41 சதவீதம். நம்ம ஊர் போலீஸ் கணக்கில் சொன்னால் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 410 மில்லிகிராம். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 30.

இந்த அளவு எப்படி உயிரை எடுக்கிறது என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் 'தூங்கட்டும் விடு' என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கேதான் இருக்கிறது. ஈரல் ஒரு மணி நேரத்தில், 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் கணக்கில்தான் ஆல்கஹாலைக் கழிக்கும். அதை அவசரப்படுத்த வழி கிடையாது. மோர் கொடுத்தாலும் சரி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றினாலும் சரி, கடுங்காப்பி, தலைக்குத் தண்ணீர், எதைச் செய்தாலும் சரி, ஈரல் தன் வேகத்தில்தான் போகும். 410 முழுவதும் இறங்க அந்தக் கணக்கில் 27 மணி நேரம் ஆகும். இதைவிட மோசம் இன்னொன்று: வேகவேகமாகக் குடித்தவன் படுக்கும்போது அவன் வயிற்றில் இன்னும் ரத்தத்தில் கலக்காத சரக்கு இருக்கிறது. அதாவது கண் மூடிய பிறகும் அளவு ஏறிக்கொண்டே போகும். ஏற ஏற மூளைத்தண்டு மந்தமாகும். மூச்சு விடுவதையும், தொண்டையில் எதாவது சிக்கினால் இருமித் தள்ளுவதையும் பார்த்துக்கொள்வது அந்த இடம்தான். அது ஓய்ந்துவிட்டால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனாலும் உடம்பு எதிர்க்காது. பார்க்கிறவர் கண்ணுக்குக் குறட்டை விட்டுத் தூங்குவது மாதிரியே இருக்கும்.

அந்த வீட்டுப் பையன்களை ராட்சசர்களாக நினைத்துக்கொள்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குப்புறப் படுக்கவைத்தார்கள், தொட்டி வைத்தார்கள், பத்தே நிமிடத்தில் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். முக்கால்வாசி தெரிந்திருந்தது. தெரியாமல் போனது, அல்லது தெரிந்தும் செய்ய முடியாமல் போனது, இரண்டே விஷயம்: நினைவு தப்புகிறவனைத் தனியாக விடக்கூடாது, நினைவு தப்பிய அந்த நிமிடமே போனை எடுக்கவேண்டும். அமெரிக்காவின் மிகக் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் இருந்த வீடு அது.

அப்படியானால் யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லையா? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

மாசசூசெட்ஸில் 1980களிலேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. நம்ம ஊர் ராகிங் சட்டத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. அதில் ஒரு விதி, ஒவ்வொரு மாணவர் அமைப்புக்கும் சட்டத்தின் நகலைக் கொடுக்கவேண்டும், உறுப்பினர்களும் பிளெட்ஜ்களும் அதைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தரவேண்டும். ராகிங் நடப்பதைக் கண்ணால் பார்த்தும் புகார் செய்யாதவருக்கே அபராதம் உண்டு. காகிதத்தில் எல்லாம் கச்சிதம். குடிப்பதற்கான வயது நாடு முழுக்க 21 என்று ஆக 1984ல் வந்த மத்தியச் சட்டம் காரணம், மாநிலங்கள் வழிக்கு வராவிட்டால் நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்று மிரட்டித்தான் கொண்டுவந்தார்கள். ஆக 18 வயதுப் பையன் சரக்கு வாங்குவதே சட்டவிரோதம். இதுவும் எல்லாருக்கும் தெரியும்.

இன்னும் கேளுங்கள். அதே பாஸ்டனில், அந்த ஃப்ரேட்டர்னிட்டி வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லாத ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியில், ஹென்றி வெக்ஸ்லர் என்ற ஆய்வாளர் கல்லூரிக் குடியைப் பற்றித்தான் வருடக்கணக்கில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். 140 கல்லூரிகள், 17,592 மாணவர்கள் என்று ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தி 1994ல் வெளியிட்டார். அதில் 44 சதவீதம் பேர் முந்தைய இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவையாவது மொடாக்குடி குடித்திருந்தார்கள். மொடாக்குடி என்று நான் சொல்வதை அவர் எண்ணிக்கையில் வரையறுத்தார்: ஆண் என்றால் ஒரே அமர்வில் 5 டிரிங்க், பெண் என்றால் 4.

இந்த 'ஒரு டிரிங்க்' என்பது நம்ம ஊரில் யாரையும் ஏமாற்றிவிடும், அதனால் கணக்கு போட்டுவிடுவோம். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால். நம்ம டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 61 கிராம், அதாவது நாலேகால் டிரிங்க்குக்கு மேல். "ஒரே ஒரு குவார்ட்டர்தான் மாமா" என்கிற பையன், வெக்ஸ்லரின் கோட்டுக்கு ஒரு மடக்கு தூரத்தில் நிற்கிறான். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் என்றால் மூன்று டிரிங்க் ஆகிவிடும். ஆன்லைன் பாடங்களில் எல்லாம் பீர் கேன், ஒயின் கிளாஸ், ஷாட் கிளாஸ் என்று அழகாகப் படம் போட்டிருப்பார்கள். குவார்ட்டர் பாட்டில் படத்தை யாரும் போட்டு நான் பார்க்கவில்லை. நம்ம ஊரிலிருந்து போகிற பிள்ளைக்கு அந்தப் படம்தான் புரியும்.

சரி, சம்பவத்துக்கு வருவோம். தகவல் இருந்தது, சட்டம் இருந்தது, புள்ளிவிவரம் பக்கத்துத் தெருவிலேயே அச்சாகிக்கொண்டிருந்தது. இந்த மரணத்துக்கு ஒரு மாதம் முன்னால்தான் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி ஒரு ஃப்ரேட்டர்னிட்டிக் கொண்டாட்டத்தில் 20 வயது மாணவர் ஒருவர் செத்து, அது நாடு முழுக்கச் செய்தியாகியிருந்தது. அதையும் இந்தப் பையன்கள் படித்திருப்பார்கள்.

பிறகு நடந்தவற்றில் நீதிமன்றக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது பெரிதாக எங்கும் போகவில்லை. 1998 செப்டம்பரில், வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்கிற பெருநடுவர் குழு (கிராண்ட் ஜூரி) அந்த ஃப்ரேட்டர்னிட்டி கிளையின் மேல் மரணம் விளைவித்ததாகவும் ராகிங் செய்ததாகவும் குற்றம் சாட்டியது. தனிமனிதர்கள் மேல் வழக்கு இல்லை, அமைப்பின் மேல்தான். அதற்குள் கிளை கலைக்கப்பட்டுவிட்டது. கூண்டில் வந்து நிற்க ஆளே இல்லை. பெற்றோர் எம்.ஐ.டி.யின் பக்கம் திரும்பினார்கள். 2000 செப்டம்பரில் எம்.ஐ.டி. 60 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது: 47.5 லட்சம் குடும்பத்துக்கு, 12.5 லட்சம் பையன் பெயரில் உதவித்தொகை நிதிக்கு. அன்றைய தலைவர் சார்லஸ் வெஸ்ட் நேரில் போய்ப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். மது விஷயத்திலும் புது மாணவர் தங்குமிட விஷயத்திலும் எம்.ஐ.டி.யின் அணுகுமுறை போதாமல் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். வழக்கறிஞர்கள் சூழ்ந்திருக்கும் ஒரு நிறுவனத்தின் தலைவர் அப்படிச் சொல்வது சாதாரணம் இல்லை, அந்த மட்டில் மரியாதை உண்டு.

தங்குமிடம் என்ற சொல்லைக் கவனியுங்கள். எம்.ஐ.டி. எடுத்த பெரிய முடிவு பாடத்தைப் பற்றியதே இல்லை, கட்டடத்தைப் பற்றியது. முதலாண்டு மாணவர்கள் எல்லாரும் இனி வளாகத்துக்குள்தான் தங்கவேண்டும் என்று 1998 ஆகஸ்டில் வெஸ்ட் அறிவித்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. ஃப்ரேட்டர்னிட்டிகளுக்கு முதலாண்டுப் பையன்களின் வாடகை போனால் வீட்டை நடத்த முடியாது, பழைய மாணவர்களுக்குக் கோபம், 'இது எங்கள் கலாசாரம்' என்ற முழக்கம் வேறு. 2001ல் நடைமுறைக்கு வரவேண்டியது, புது விடுதிக் கட்டடம் தாமதமானதால் 2002க்குத் தள்ளிப்போனது. கட்டடக்கலை பிடித்தவர்கள் அந்த விடுதியைப் பார்த்திருப்பார்கள், ஸ்டீவன் ஹால் வடிவமைத்த சிம்மன்ஸ் ஹால், ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சதுர ஜன்னல்கள் வைத்தது. சுமார் 350 படுக்கைகள். புகைப்படக்காரர்கள் ஜன்னலைப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தப் படுக்கைகள்தான் கண்ணில் படுகின்றன. வந்த ஒரு வாரத்துக்குள், முன்பின் தெரியாத மூத்தவர்களின் தயவில் ஒரு கூரையைத் தேடிக்கொள்ளவேண்டிய கட்டாயம் அதோடு போனது. வாடகையும் நட்பும் அடையாளமும் ஒரே கூட்டத்தின் கையில் இருக்கும்போது, அந்தக் கூட்டம் நீட்டும் கிளாஸை ஒரு 18 வயதுப் பையன் எப்படி மறுப்பான்? "வேண்டாம் என்று சொல்லப் பழகு" என்று பாடத்தில் எழுதுவது சுலபம். சொன்னால் இன்றிரவு எங்கே படுப்பது?

இனி பாடத்துக்கு வருவோம். 2000க்குப் பிறகு அமெரிக்காவில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அந்த வருடம் பாஸ்டன் வட்டாரத்தில் பிராண்டன் பஸ்டீட் என்பவர் தொடங்கிய 'அவுட்சைடு த கிளாஸ்ரூம்' என்ற நிறுவனம் 'ஆல்கஹால்எடு' என்ற ஆன்லைன் பாடத்தைக் கொண்டுவந்தது. 2011ல் எவர்ஃபை நிறுவனம் அதை வாங்கியது. எம்.ஐ.டி. உட்பட நூற்றுக்கணக்கான கல்லூரிகள் புது மாணவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கின. அமைப்பு ஏறக்குறைய இப்படி: கல்லூரிக்கு வரும் முன்பே முதல் பாகம், நீ எவ்வளவு குடிக்கிறாய் என்று கேள்விகள், அதற்கேற்ற பதில்கள், கடைசியில் தேர்வு. ஒன்றரை மாத இடைவெளிக்குப் பிறகு இரண்டாம் பாகம்.

பலன் உண்டா? இதற்கு ஒழுங்கான ஒரு சோதனையே நடந்தது. 30 கல்லூரிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இந்தப் பாடத்தைக் கொடுத்து, முதலாண்டு மாணவர்களைத் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 2011ல் முடிவுகள் வெளிவந்தன. பாடம் முடித்த முதல் பருவத்தில், அதாவது இலையுதிர் காலத்தில், குடியும் மொடாக்குடியும் குறைந்திருந்தன. வசந்த காலம் வந்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது.

இதைப் படித்துவிட்டு 'பாடம் வீண்' என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆபத்து அதிகமாக இருக்கும் காலம் முதல் ஆறு வாரம் என்பது இந்தத் துறையில் எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயம். எம்.ஐ.டி. பையன் ஐந்தாவது வாரம். முதல் பருவத்தை மட்டும் தாண்டவைக்கிற பாடம் என்றாலும் அது தாண்டவைக்கிறதே. தடுப்பூசிக்கு பூஸ்டர் போடுகிறோமே, அந்த மாதிரி. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

அதற்கு முன் இன்னொரு வழியையும் சொல்லவேண்டும், எனக்குப் பிடித்தது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இருந்தார். அவர் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே அசல் மாதிரி ஒரு பார் கட்டினார். மங்கலான வெளிச்சம், கவுன்டர், பாட்டில்கள் எல்லாம். அங்கே மாணவர்களை உட்காரவைத்து, வோட்கா கலந்தது என்று சொல்லி வெறும் டானிக் தண்ணீரைக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் ஏறும், சிரிப்பு வழியும், கூச்சம் போகும். பிறகு உண்மையைச் சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரக்கு தரும் என்று நினைத்த தைரியத்தில் பாதி நம்பிக்கை மட்டும்தான் என்று ஒரு பையன் தன் உடம்பிலேயே கண்டுபிடிப்பது, எந்த ஸ்லைடையும்விடப் பெரிய பாடம்.

மார்லட்டின் குழு அதிகம் குடிக்கிற புது மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசும் ஒரு முறையையும் உருவாக்கியது. 'பேசிக்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள். மிரட்டல் கிடையாது, குடிக்காதே என்ற உபதேசமும் கிடையாது. நீ சொன்ன கணக்கு இது, உன் கல்லூரியில் மற்றவர்கள் உண்மையில் குடிப்பது இவ்வளவு, என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு அவனைப் பேசவிடுவார்கள். எல்லாரும் என்னைவிட அதிகம் குடிக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலான மாணவர்களின் நினைப்பு, அது தப்பு என்று தெரிந்தவுடன் கொஞ்சம் அசைவு வரும். நாலு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், பணம் வேண்டும். வீடியோ மலிவு, அதனால் வீடியோ ஜெயித்தது.

என் குறை என்னவென்றால், இரண்டு முறையும் பெரும்பாலும் குடிக்கிறவனைப் பார்த்தே பேசுகின்றன. எம்.ஐ.டி. வீட்டில் அன்றிரவு பையன் சோபாவில் சாய்ந்த பிறகு அவனுக்கு எந்தப் பாடமும் உதவாது. அந்த நிமிடத்திலிருந்து பரீட்சை எழுதுவது பக்கத்தில் இருந்தவர்கள்.

அவர்களுக்கு அந்தப் பரீட்சை ஏன் கஷ்டம்? போன் போட்டால் போலீஸ் வரும். வீட்டில் 21 வயது ஆகாதவர்களுக்குச் சரக்கு ஊற்றியிருக்கிறார்கள். வீட்டின் உரிமம் போகும், தன் பெயர் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். போடாவிட்டால்? பெரும்பாலான நாள்களில் காலையில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவான், எல்லாரும் சிரிப்பார்கள். இதற்கு முன் நூறு தடவை அப்படித்தான் நடந்திருக்கிறது. நூற்றியோராவது தடவைக்காக வீட்டையே பணயம் வைக்கச் சொல்லி ஒரு 20 வயதுப் பையனிடம் கேட்கிறோம்.

2002ல் கார்னெல் பல்கலைக்கழகம் இதைப் பிடித்துக்கொண்டது. நண்பனுக்காக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவருக்கும் காப்பாற்றப்பட்டவருக்கும் குடித்ததற்காகக் கல்லூரித் தண்டனை கிடையாது என்று விதி செய்தது. பிறகு அங்கே நடந்த ஆய்வில் உதவி கேட்டு வரும் அழைப்புகள் அதிகமானது தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர் 'பாருங்கள், குடி அதிகமாகிவிட்டது' என்பார். மாணவர்களைக் கேட்டால் குடி கூடவில்லை, கூப்பிடுவதற்கான பயம் குறைந்திருந்தது. இன்று எம்.ஐ.டி. உட்பட ஏராளமான கல்லூரிகளிலும் பல மாநிலச் சட்டங்களிலும் இந்த மாதிரிப் பாதுகாப்பு உண்டு. ஒரே ஒரு வரி விதி, அச்சடிக்கச் செலவே இல்லை.

ஆனால் விதி மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு இரவைச் சொல்லவேண்டியிருக்கிறது. 2017 பிப்ரவரி 2, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், பீட்டா தீட்டா பை ஃப்ரேட்டர்னிட்டி. எம்.ஐ.டி. சம்பவம் நடந்து கிட்டத்தட்ட இருபது வருடம். இது கணக்குப்படி மது இல்லாத வீடு. சுவரெல்லாம் கண்காணிப்பு கேமரா. 19 வயதுப் புது உறுப்பினர் ஒருவருக்கு வரிசையாக ஊற்றிக்கொடுத்தார்கள், நிலவறைப் படிக்கட்டில் தலைகுப்புற விழுந்தார், தூக்கிச் சோபாவில் போட்டார்கள். 911 என்ற அவசர எண்ணுக்கு போன் போகும்போது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மருத்துவமனையில் பிப்ரவரி 4 அன்று இறந்தார். மறுவருடம் அந்த மாநிலம் ராகிங் சட்டத்தைக் கடுமையாக்கியது.

அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் கேமராவில் பதிவாகியிருந்ததால் என்ன நடந்தது என்று நிமிடக் கணக்கில் தெரியும். இரண்டு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, குடித்தவருக்குக் கைகால் ஏன் சில்லிடும் என்று காலையில் ஒருவர் போனில் தேடியிருக்கிறார். தகவல் வேண்டுமென்று தேடினார், கையிலிருந்த அதே போனில் மூன்று இலக்கத்தை அழுத்தவில்லை. இரண்டாவது, இரவே ஒரு புதுப்பையன் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கத்தியிருக்கிறான். அவனைச் சுவரோடு தள்ளி, எங்களுக்குத் தெரியும் நீ போ என்று அனுப்பிவிட்டார்கள். பாடம் எடுப்பவர்கள் எதிர்பார்க்கிற லட்சிய மாணவன் அந்தப் பையன்தான். அவனுக்கு விடை தெரிந்திருந்தது, வீட்டில் அவனுக்கு மதிப்பு இல்லை.

ஆகவே என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தை முதலில் எடுக்கவேண்டியது புதிதாக வருகிற பிள்ளைக்கு இல்லை, அவனை வரவேற்கப் போகிற இரண்டாமாண்டு மூன்றாமாண்டுக்காரர்களுக்கு. அன்றிரவு அறையில் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கும். புதியவனுக்கு மூன்று மணி நேர வீடியோவில் ஈரல் படமும் சட்டப்பிரிவும் காட்டுவதைவிட, பத்து நிமிடம் தரையில் ஒருவனைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஒருக்களித்துத் திருப்பப் பழக்கிவிடலாம். தோளைப் பிடித்து உலுக்கி, சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் முழிக்கவில்லையா, மூச்சு இழுத்து இழுத்து வருகிறதா, உதடு நீலமாகிறதா, உடம்பு சில்லிட்டிருக்கிறதா, இதில் ஒன்று இருந்தாலும் போன். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டும், நகரக்கூடாது. கூப்பிட்டவரை யாரும் தண்டிக்கமாட்டார்கள் என்று துணைவேந்தரே வந்து நின்று சொல்லட்டும்.

அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுக்குள் இருக்கிற கல்லூரி மாணவர்களில் குடி தொடர்பான விபத்துகளில் வருடத்துக்குச் சுமார் 1,519 பேர் இறப்பதாக அந்நாட்டு மது ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது, வாகன விபத்துகளையும் சேர்த்து. அக்காவிடம் இந்த எண்ணை நான் சொல்லவில்லை.

பையனிடம் மட்டும் அன்றைக்கு ராத்திரி ஹாலில் பாயை விரித்து என்னையே படுக்கவைத்து ஒருக்களிக்கப் பழகச் சொன்னேன். என் எடைக்கு முதல் தடவை திணறினான், மூன்றாவது தடவை சரியாக வந்தது. அவன் போகப்போகிற பல்கலைக்கழகத்தில் கார்னெல் மாதிரி விதி இருக்கிறதா என்று கேட்டேன். பாடத்தில் இருந்திருக்கும் மாமா, வேகமா ஓட்டிட்டேன் என்றான். உட்கார்ந்து தேடி எடுத்தோம், இருந்தது. வளாகக் காவல் எண்ணையும் 911ஐயும் போனில் சேமித்துக்கொண்டான்.

பாடத்தின் இரண்டாம் பாகம் அக்டோபரில் வருமாம். அவனுக்கு வகுப்புத் தொடங்குவது ஆகஸ்ட் மூன்றாவது வாரம்.